மூக்கு ஒழுகும் படகு

எண்ணூரில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் படகு கட்டும் இடத்துக்கு வருகிறேன். என் மகனுடைய புது மரப்படகு கட்டைகள்மேல் நிற்கிறது. பழைய படகில் நடுக்கடலில் தண்ணீர் ஏறி, நீந்திப் பிழைத்து வந்தவன் அவன். அதனால்தான் மனசு கேட்காமல் பழவேற்காட்டிலிருந்து பார்க்க வந்திருக்கிறேன்.

மகன் மேலே ஏறி, குழாயைப் பிடித்துப் படகுக்குள் தண்ணீர் நிரப்புகிறான். ஓட்டை இருந்தால் வெளியே தெரிந்துவிடுமாம். நான் குனிந்து அடிப்பலகையைப் பார்க்கிறேன். ஒரு சொட்டு தொங்குகிறது. இத்தனை ஆம்பிளைகள் நடுவில் வாய் திறக்கக் கூச்சமாக இருக்கிறது. முந்தானையால் துடைக்கிறேன். மறுபடி சொட்டுகிறது. மறுபடி துடைக்கிறேன்.

"இன்னா ஆயா, படகுக்கு மூக்கு சிந்திவுட்டுகினு கீற?" என்கிறார் படகு கட்டும் மேஸ்திரி.

எல்லாரும் சிரிக்கிறார்கள். "ஒழுகுதுப்பா" என்கிறேன், எனக்கே கேட்காத குரலில்.

அவர் வந்து விரலால் தடவிப் பார்க்கிறார். "காஞ்ச பலகை ஆயா. இப்பதான் தண்ணி குடிக்குது. குடிச்சி உப்பிச்சின்னா, பலகைக்கு நடுவுல பஞ்சு அடிச்ச சந்து தானா மூடிக்கும். மூடலன்னா நானே கடல்ல எறக்க வுடமாட்டேன். நீ குந்து."

நான் உட்காரவில்லை. மணலிப் பக்கம் டேங்கர் லாரிகள் போய்க்கொண்டே இருக்கின்றன. வெயில் இறங்குகிறது. சொட்டு சின்னதாகிறது, அப்புறம் வெறும் ஈரம், அப்புறம் அதுவும் இல்லை. உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்க்கிறேன். கை காய்ந்தே வருகிறது.

"இன்னா ஆயா, சளி நின்னுச்சா?"

"நின்னுடுச்சு!" என்று கத்தியே சொல்லிவிட்டு, காலையில் கட்டிக்கொண்டு வந்த சோற்றை இப்போதுதான் பிரிக்கிறேன்.