பத்து நிமிடப் பழி

மூடியே திறக்காத ஒரு தண்ணீர் பாட்டில் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடும் கூட்டத்தில், அந்தப் பெண் காலையில் கொண்டுவந்த பாட்டிலை அப்படியே முழுசாகத் திருப்பி எடுத்துப் போவாள். தென்காசிப் பக்கத்துக்காரி. மண்ணூரில் தோழிகளோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் ஐடில் ஏறும். ஐடில் என்றால் சும்மா இருந்த நேரம். குடிக்காமல் இருந்தும் தினமும் பத்து நிமிடம் அவள் பெயரில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

அந்தக் கணக்கைப் போட்டது மெஷினில் பொருத்தியிருந்த சின்னக் கம்ப்யூட்டர். வேலை நடந்த நேரத்தை அது கூட்டும். ஆபீஸ் கடிகாரம் காட்டும் ஷிப்ட் நேரத்திலிருந்து அதையும் சாப்பாட்டு நேரத்தையும் கழித்தால் மிச்சம் ஐடில். லைனில் எல்லோருக்கும் அந்தப் பத்து நிமிடம் விழுந்தது. மற்றவர்கள் திட்டு வாங்கிக்கொண்டு போனார்கள், இவள் மட்டும் கேட்டாள்.

"இன்னைக்கு நான் எந்திக்கவே இல்ல சார். பொறவு எப்படி பத்து நிமிசம் காட்டுது?"

சூப்பர்வைசர் சிரித்தார். "மெஷினு பொய் சொல்லுமா? நீ இன்னா பண்ணிகினு இருந்தியோ, யாருக்குத் தெரியும்."

நான் மென்பொருள் பிரிவில் இருப்பவன். அவள் கேட்டது உறுத்தவே, அந்தக் கம்ப்யூட்டரின் கெர்னலைத் திறந்து பார்த்தேன். மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் ஓடும் நிரல் அது. மைக்ரோ நொடிகளை மில்லி நொடிகளாக்க ஆயிரத்தால் வகுக்க வேண்டிய இடத்தில் வகுத்தலே இல்லை. அந்த மலிவான சிப்புக்கு வகுத்தல் பெரிய சுமை என்று, எண்ணின் பிட்டுகளை, அதாவது இரும இலக்கங்களை, பத்து இடம் வலப்பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். ஓர் இடம் தள்ளினால் எண் பாதியாகும்; பத்து இடம் தள்ளினால் அது ஆயிரத்து இருபத்து நான்கால் வகுத்த கணக்கு. அவள் உழைத்த நேரத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு துளி குறைந்தது. நாள் முழுக்கச் சேர்ந்தால் பத்து நிமிடம்.

அந்த வரியை எழுதியவர் எங்கள் மேனேஜர். அவரிடமே போனேன். "கெர்னல்ல டிவிஷன் ரொம்ப காஸ்ட்லிப்பா. ரெண்டு பர்சன்ட்தானே, இதுக்குப் போய்..." என்றார். சரியான எண்ணால் பெருக்கிவிட்டுத் தள்ளினால் செலவும் அதிகம் ஏறாது, விடையும் பிசகாது. எங்கள் தொழிலில் அது எல்லோருக்கும் தெரிந்த வழி. சிப்புக்கு வலிக்கக் கூடாது என்று அத்தனை அக்கறை காட்டியவருக்கு, ஒருத்தி நாக்கு வறண்டு கிடந்தது ஒரு பொருட்டாகவே படவில்லை. நான் விடாமல் நச்சரித்து அவர் தலையாட்டுவதற்குள், சிறுநீர்த் தொற்றில் படுத்துவிட்டவளைக் கான்ட்ராக்டர் மூலமாக வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சொன்ன காரணம், ஐடில்.

அடுத்த வாரம் திருத்தம் எல்லா மெஷினுக்கும் போனது. பத்து நிமிடம் எல்லோருக்கும் மறைந்தது. அவளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கேட்டேன். "கான்ட்ராக்ட் ஆளு, நம்ம கையில இல்ல" என்று மேனேஜர் முடித்துவிட்டார். இப்போது ஊரில் ஜவுளிக்கடையில் நிற்கிறாளாம்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் சூப்பர்வைசர் பேசிக்கொண்டிருந்தார். "தோ, அந்த மெஷின்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. சும்மா சும்மா எழுந்து போய்கினே இருக்கும். அத்த அனுப்புனோம், மறுவாரமே மொத்த லைனுக்கும் ஐடில் எறங்கிடுச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. அவள் எழுந்திருக்கவே இல்லை, தப்பு கம்ப்யூட்டரில் இருந்தது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"இப்ப மெஷினு கரெக்டா தானே காட்டுது, வுடுங்க சார்" என்று சொல்லிவிட்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு புதுப் பெண்ணைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்.