ஏற்றத்தில் பிசகிய முழங்கால்

அன்று கிணற்றடியில் மூன்று பேர் இருந்தோம்: நீர் இறைக்க ஏற்றம் மிதித்த நான், தண்ணீர்ச் சால் பிடித்த மைத்துனன், வயலுக்கு மடை திருப்பிய என் மனைவி. ஏற்ற மரத்தின் மேல் நான் திரும்பியபோது முழங்காலுக்குள் ஏதோ பிசகி, கால் மடங்கியபடியே நின்றுவிட்டது.

“இன்னா மாமா, மரத்து மேலயே தூங்கிட்டியா?” என்று மைத்துனன் சிரித்தான். என்னைக் கீழே இறக்கி, சுளுக்கென்று நினைத்துக் காலை வெடுக்கென்று இழுத்தான். உள்ளே மளுக்கென்றது.

மனைவி ஓடிப்போய் எலும்புக்குக் கட்டுப் போடும் பாகூர் வைத்தியரை அழைத்து வந்தாள். அவர் முழங்கால் மூட்டை அழுத்திப் பார்த்தார்.

“எலும்பு உடையலபா. ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்த மாதிரி ஒரு சவ்வு கீது. அது கிழிஞ்சி மாட்டிக்கினுது. எலும்புன்னா கூடிடும். இது எப்டியோ.”

முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

“மறுபடி ஏத்தம் மிதிப்பனா?” என்று கேட்டேன். குணமாகி வேலைக்குத் திரும்பியவனிடம்தான் கூலி வாங்குவது அவர் வழக்கம். “ஏத்தத்துல ஏறுன அன்னிக்குக் குடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கட்டு அவிழ்த்ததும் காலை நீட்ட முடிந்தது. ஆனால் உடம்பைத் திருப்பினால் முழங்கால் பூட்டிக்கொள்கிறது. இப்போது மைத்துனன்தான் மிதிக்கிறான். அவன் காலும் பிசகிவிடுமோ என்று நான் கீழே நின்று பயந்துகொண்டிருக்கிறேன். வைத்தியரிடம் இரண்டு தரம் பணத்தோடு போனேன். என் நடையைப் பார்த்துவிட்டு அவர் பணத்துக்குக் கை நீட்டவில்லை. அவருக்கு நான் தர வேண்டிய மூன்று ரூபாய் அப்படியே நிற்கிறது.