பௌர்ணமியன்று தட்டுப்பட்டது

மாதவிலக்கு நின்றுபோனவர்கள் மாதத்தில் ஒரு நாளை வைத்துக்கொண்டு மார்பைத் தாங்களே தடவிப் பார்க்க வேண்டும் என்று வேங்கிக்கால் முகாமில் நர்ஸம்மா சொன்னார். தேதி என்றால் எனக்கு மறந்துவிடும். பௌர்ணமி மறக்காது என்று அதையே வைத்துக்கொண்டேன். என் புத்தி எங்கே போயிற்றோ! அன்றைக்குக் கிரிவலம் வரும் சொந்தக்காரர்களால் வீடு நிறைந்துவிடும். இருப்பது ஒரே பாத்ரூம். சோப்புக் கையோடு இடது பக்கம் முடிப்பதற்குள் யாராவது கதவைத் தட்டுவார்கள். மூன்று மாதமாக வலது பக்கத்தைப் பார்க்கவே இல்லை.

போன பௌர்ணமிக்கு அதிசயமாக யாரும் வரவில்லை. நிதானமாகத் தடவியபோது வலது பக்கம், அக்குள் ஓரமாக, சுண்டைக்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. அழுத்தினால் நழுவியது. கையை எடுத்துவிட்டுத் தேடினால் காணோம். மறுபடி இருந்தது. இது புதிதா, பழசா? ஒழுங்காகப் பார்த்திருந்தால்தானே தெரியும்! யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

மறுநாள் காலை மாடியில் குடியிருக்கும் என் ஓரகத்தியைக் கூப்பிட்டு, அறைக் கதவைச் சாத்தினேன். என்னைவிட நான்கு வயது சின்னவள். இந்தச் சோதனையெல்லாம் அவளுக்குக் கேலிதான்.

"கண்ட முகாமுக்கும் போயி இல்லாததெல்லாம் வரவழச்சிக்கிறீங்க" என்றபடியே தொட்டுப் பார்த்தாள். "அட, இதுக்கா இவ்ளோ கலாட்டா? நம்ம வயசுல எல்லாருக்கும் இருக்கறதுதான்க்கா. எனக்குந்தான் இருக்குது. இங்க பாருங்க."

என் கையைப் பிடித்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள்.

என்னுடையது நழுவியது. அவளுடையது அசையவே இல்லை. என்னுடையதைவிடப் பெரிசு. அதன்மேல் தோல் உள்ளே இழுத்திருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. எது கெட்டது, நழுவுவதா, நழுவாததா? நர்ஸம்மா சொன்னார்தான். பாழாய்ப்போன மண்டையில் ஒன்றும் நிற்கவில்லை.

"எத்தன நாளாடி இருக்குது?"

"அது கெடக்குது, ரெண்டு வருஷமா. வலியா ஒண்ணா? ஏன்க்கா?"

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம். ரெண்டு பேரும்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஐயோ, எதுக்கு அழறீங்க? நான் துணைக்கு வரேன்க்கா" என்று முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."