நித்திரை இல்லாத மாரி

எனக்கு நித்திரை ஒரு நாளும் பிரச்சினையாக இருந்ததில்லை. பன்பாயில் சரிந்தால் விடியத்தான் கண் திறக்கும். போன மாரியில் அது கெட்டது. கெடுத்தது நான்தான் என்று தெரியவர மூன்று மாதம் சென்றது.

முன்வீடு மூத்த மகளுடையது. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவளுடைய கலியாணத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டோம். என் புருஷன் மோசம் போய்ச் செத்தவீடும் முடிந்தபின் நான் அதே வளவில், பின்னால் ஒற்றை அறையில் இருக்கிறேன். கக்கூசு கிணற்றைத் தாண்டி வேலி மூலையில். இரவில் எழும்பினால் ரோச் லைட்டைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். முன்பு அப்படி நடந்தது எப்போதாவது ஒரு நாள். மாரி தொடங்கியபின் ஒரே இரவில் நாலு தரம். திரும்பி வந்து படுத்தால் கண் மூடாது. தவளைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன்.

நித்திரை வரவில்லை என்று மட்டும் மற்றவர்களுக்குச் சொன்னேன். எழும்பிப் போகிற கதை வெளியில் சொல்கிற கதை இல்லை என்று நினைத்தேன்.

மகள் வெளிச்சத்தைக் கண்டுவிட்டாள்.

"ராவெல்லாம் வளவுக்குள்ள என்னத்தத் தேடுறீங்க அம்மா?"

"நித்திர வருகுதில்ல."

"அதுக்காக நடக்கிறதா? அடுத்த வளவு மாமி கிணத்தடியில விழுந்து இடுப்பு முறிஞ்சு கிடக்கிறா. தரையெல்லாம் பாசி. இந்த மாசப் பிரஷர்க் கிளினிக்கில டொக்டரிட்ட சொல்லுங்க. அதுக்குப் பிறகும் இப்பிடித்தான் எண்டா எங்கட வீட்டுக்குள்ள வந்து படுங்க. ஹோலுக்க கட்டில் போடுறன்."

அவள் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அது மருமகன் இருக்கிற வீடு. இத்தனை வருடத்தில் அவர் முன்னால் நான் கதிரையில் குந்தி இருந்ததில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அவருக்கு ஏதும் சொல்வதென்றால் மகளிடம் சொல்வேன். அவரும் மகளிடம்தான் சொல்வார். கோபதாபம் ஒன்றும் இல்லை, எங்கள் ஆட்களில் மாமியும் மருமகனும் அப்படித்தான். அந்த ஹோலில் படுத்து, அவர்களுடைய அறை வாசலைக் கடந்து இரவில் நாலு தரம் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறப்பது என்னால் முடியாத காரியம். என் அறையை விடாமல் இருப்பதற்காகத்தான் நித்திரையைத் திருப்பி எடுக்கப் பாடுபட்டேன்.

அடுத்த ஒழுங்கையில் மச்சாள் இருக்கிறாள். என் புருஷனுடைய தங்கை. அவளிடம் கேட்டேன்.

"பகலெல்லாம் கதிரையில கோழி மாதிரித் தூங்கி விழுறாய். மறுகா ராவைக்கு எங்க கா நித்திர வரும்?"

"கண் தானா மூடுது மச்சாள்."

"மூடினா தண்ணிய ஊத்து. பின்னேரத் தேத்தண்ணியையும் விடு. அவ்வளவு சாயத்தையும் குடிச்சுப்போட்டு, நித்திர வரேல்ல எண்டு கதைக்க வந்திட்டாய்."

இரண்டையும் செய்தேன். மத்தியானம் கண் சொக்கும்போது எழும்பி, கூட்டின முற்றத்தையே திரும்பவும் கூட்டினேன். பின்னேரத் தேத்தண்ணீரை விட்டதில் இரண்டு நாள் தலையிடித்தது. வெளிநாட்டிலிருக்கும் சின்ன மகள் படுக்கிற நேரத்தில் போன் எடுப்பாள். அதையும் காலையில் எடுக்கச் சொன்னேன். ஒன்றும் மாறவில்லை. மச்சாள் கடைசியாகக் கொத்தமல்லிக் கடதாசிச் சரை ஒன்றோடு வந்தாள்.

"அவிச்சு, படுக்க முதல் ஒரு செம்பு குடி. உடம்பு குளிர்ந்து தன்பாட்டில சரிவாய்."

ஒரு செம்பும் குடித்தேன். அன்று ஆறு தரம் எழும்பினேன். மறுநாள் வந்து எப்பிடி கா என்று கேட்டாள். பரவாயில்லை என்று சொன்னேன்.

கிளினிக் நாள் வந்தது. மகளும் நானும் ஆட்களை ஏற்றுகிற முதல் பாதைப்படகில் வாவியைக் கடந்து போனோம். டொக்டர் இளம் பிள்ளை. நிதானமாகக் கேட்டார்.

"நித்திரைக்கு என்ன தடை அம்மா? யோசனையா? எங்கையும் நோவா? மூச்சு முட்டுதா?"

"தெரியா ஐயா."

"யோசிக்கிறவதான்," என்றாள் மகள். "கேட்டா வாய் திறக்கமாட்டா."

நித்திரைக் குளிசை தர அவர் சம்மதிக்கவில்லை. இந்த வயதில் அதைப் போட்டால் எழும்பும்போது தலை சுற்றி விழுவீர்கள் என்றார். பகல் நித்திரை வேண்டாம், பின்னேரத்தில் தேத்தண்ணீர் வேண்டாம், எப்போது படுத்தாலும் விடிய ஒரே நேரத்துக்கு எழும்புங்கள், நித்திரை வராவிட்டால் பாயில் புரளாமல் எழும்பி இருந்துவிட்டுப் பிறகு படுங்கள் என்றார். எல்லாம் நல்ல சொல்தான். பாதியை நான் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தேன். பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறது என்று, திரைக்கு உள்ளே நர்ஸ் மிஸ்ஸியிடம் இன்னொரு தரம் பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் மகள், "அப்ப கட்டில இண்டைக்கே எடுத்துப் போடுவம்," என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்கிற வரிசைக்குப் போனாள்.

நான் திரைக்கு உள்ளே போனேன். மிஸ்ஸி என் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினாள்.

"நித்திர இல்லையாம். ராவைக்கு எத்தின தரம் எழும்புறீங்க அம்மா?"

"நாலு."

"என்னத்துக்கு?"

திரைக்கு அப்பால் நீள வாங்கில் ஆம்பிளைகள் வரிசையாக இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்தில் வெளியே போக வாத்தியாருக்குக் காட்டுகிற மாதிரி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. என் கிளினிக் கொப்பியைப் புரட்டினாள்.

"இந்தச் சின்ன வெள்ளக் குளிச எப்ப போடுறீங்க?"

"ராவைக்கு, சாப்பிட்டு."

"மருந்து உறையில காலம எண்டுதானே எழுதியிரிக்கி?"

"சஷ்டி விரதத்துக்கு மாத்தினன் பிள்ள."

அந்த ஆறு நாளும் பின்னேரப் பூசை முடியும்வரை நான் வாயில் ஒன்றும் வைப்பதில்லை. வெறும் வயிற்றில் குளிசை போட வேண்டாம் என்று சொல்லியிருந்தபடியால் எல்லாவற்றையும் இரவுக்கு மாற்றினேன். யாரிடமும் கேட்கவில்லை. விரதம் முடிந்தபின் எல்லாம் ஒரே நேரத்தில் போடுவது லேசாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

"விரதம் முடிஞ்சு எத்தின மாசம்?"

"மூண்டு."

"முருகன் ஆறு நாள்தானேம்மா கேட்டவர்," என்றாள். அது உடம்பில் நிற்கிற தண்ணீரைச் சிறுநீராக இறக்குகிற குளிசை என்றும், காலையில் போட்டால் அதன் வேலை பகலோடு முடிந்துவிடும் என்றும் சொன்னாள். "படுக்க முதல் தண்ணிவென்னி ஏதும் குடிக்கிறீங்களா?"

கொத்தமல்லியைச் சொன்னேன். இந்த முறை சிரித்துவிட்டாள்.

கொப்பியை டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள். இன்று இரவோடு இரவில் போடுவதை நிறுத்தி, நாளைக்கு விட்டு நாளை மறுநாள் காலையிலிருந்து பழையபடி போட வேண்டும், அடுத்த விரதத்துக்கு முதல் வந்து கேட்க வேண்டும், குளிசை நேரத்தை மாற்றியும் எழும்புவது குறையாவிட்டால் சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னாராம்.

திரும்புகிற படகில் மகள் கேட்டாள். "மிஸ்ஸி என்ன சொன்னவ?"

"வெள்ளக் குளிசைய காலம போடட்டாம்."

"அவ்வளவுதானா?"

"ஓம். கட்டில ஒரு கிழமைக்குப் பிறகு போடன்."

நான் அப்படி ஏதும் கேட்கிறவள் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். "ஒரு கிழமைதான்," என்றாள்.

குளிசையை மாற்றிய முதல் இரவு இரண்டு தரம் எழும்பினேன். பிறகு ஒரு தரம். உடம்பு பழகிய நேரத்துக்குச் சும்மாவும் முழிப்பு வந்தது. டொக்டர் சொன்னபடி எழும்பி இருந்தேன், கண் சொக்கியதும் படுத்தேன். கிழமை முடிய மகள் அறைக்கு வந்தாள்.

"இப்ப ராவைக்கு ஒருக்காத்தான் வெளிச்சம் வருது."

"நீ நித்திர கொள்றேல்லையா?"

"எங்க கொள்றது? நீங்க திரும்பி வந்து கதவச் சாத்துற சத்தம் கேக்கிறவரைக்கும் முழிச்சுக் கிடக்கிறதான்."

மூன்று மாதமாக நான் எழும்பிய போதெல்லாம் அவளும் எழும்பியிருக்கிறாள். அதை நான் யோசித்திருக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு மற்றதையும் சொன்னேன், குளிசையை நானாக இரவுக்கு மாற்றியதையும் கொத்தமல்லியையும். ஏசினாள். கட்டிலைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் முன்வீட்டிலிருந்து வயர் இழுத்துக் கிணற்றடியில் ஒரு பல்ப் பூட்டினார். சுவிச்சை என் கதவுக்குப் பக்கத்தில் வைத்தார். வேலை முடியும்வரை நான் முன்வீட்டுக் குசினிக்குள் அடுப்படியில் நின்றேன்.

"மாமிய ஒருக்காப் போட்டுப் பாக்கச் சொல்லு," என்று மகளிடம் சொல்லிவிட்டு அவர் முன்பக்கம் போனார்.

நான் வந்து போட்டேன்.

"எரியுது எண்டு சொல்லு," என்றேன் மகளிடம்.

"அவருக்கு அங்கயிருந்து தெரியுதும்மா," என்றாள்.