பொட்டலில் நடந்த குருவி

தனியாக நான் போன முதல் பறவை சர்வே, வல்லத்துக்குத் தெற்கே ஒரு செம்மண் பொட்டல். அங்கே கிடங்கு கட்டப் போகிறார்கள். சைட் இன்ஜினியர் நல்ல மனிதர்.

"தரையில கூடு வைக்கிற பறவை ஏதும் இருந்தா எழுதிக் குடுங்க சார். ரெண்டு மாசம் தள்ளி ஆரம்பிக்கிறோம். இல்லன்னா திங்கக்கிழமை மண்ண மட்டமாக்க புல்டோசர் வந்துரும்" என்றார்.

நான் கும்பகோணத்துப் பக்கத்து ஆள். நாரை, கொக்கு, உள்ளான் எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தண்ணீர் பாயாத நிலத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற இளக்காரம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதல். ஜீப்பை விட்டு இறங்காமலேயே பைனாகுலரில் பார்த்தேன். பழுப்பாக, தடித்த அலகோடு இரண்டு மூன்று மேய்ந்துகொண்டிருந்தன. ஷீட்டில் 'வீட்டுக்குருவி' என்று எழுதினேன்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த செல்வி பக்கத்தில் வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"என்னன்னு எழுதுறீங்க?"

"வீட்டுக்குருவிம்மா."

"அது தத்தித் தத்தில்ல போகும்? இது நடக்குது பாருங்க. மண்ணுலதாங்க முட்டை வைக்கும். வாங்க, காட்டுறேன்."

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. "சரிம்மா, பாத்துக்கிறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

விட்டுப்போன எல்லைக்கல் போட்டோவுக்காகச் செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். பாதிப் பொட்டல் மட்டமாகியிருந்தது. மேலே ஒரு சின்னப் பறவை. வயிறு கறுப்பு, உச்சந்தலை சாம்பல். விசிலடித்தபடி இறக்கையை மடக்கிக் கல் மாதிரி விழுந்து, தரைக்குச் சற்று மேலே மறுபடி எழும்பியது. சாம்பல் தலை வானம்பாடி, ஆண். நான் குருவி என்று எழுதியது அதன் பெட்டை. அது டோசர் தடத்தோரம் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தது. 

ஓடிப்போய் இன்ஜினியரிடம் சொன்னேன். உடனே வண்டியை நிறுத்தினார். மட்டமான மண்ணில் செல்வி நின்றிருந்தார். திட்டவில்லை.

"இங்கதாங்க மூணு முட்டை இருந்துச்சு. நீங்க எழுதுனா வேலைய நிப்பாட்டுவாங்கன்னு சைட்டுல சொன்னாங்க. அதான் அன்னிக்குக் கூப்பிட்டேன்."

அதற்குப் பிறகு, ஓய்வு பெறும்வரை, ஷீட்டில் 'தெரியவில்லை' என்று எழுத நான் கூசியதில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: யாராவது 'வாங்க, காட்டுறேன்' என்றால் இறங்கிப் போய்ப் பாருங்கள். அன்றைக்கு ஜீப்பிலிருந்து அந்தக் கூட்டுக்கு இருபது தப்படிகூட இல்லை.