கொழுந்து லொறியும் எங்கள் லயத்து வெளிச்சமும்

எங்கள் தோட்டத்துக்கு மின்சாரத்தில் ஓடும் லொறி வந்தபோது, அதை ஓட்ட என் கணவரைத்தான் தெரிவு செய்தார்கள். மலைமலையாகப் போய், பெண்கள் பறித்த கொழுந்தை ஏற்றி வந்து ஸ்டோரில் இறக்குவது அவர் வேலை. தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பழைய டீசல் லொறி ஏற்றத்தில் திணறிக் கறுப்புப் புகை கக்கும். அவர் சட்டையைத் துவைத்தால் தண்ணீர் மை கரைத்தது போல ஓடும். புது லொறியை ஓட்டிய முதல் நாள், வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு. ஒண்ணுமே இல்ல!"

அவரைவிட அதிகம் மகிழ்ந்தவர், லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் தனியாக இருந்த அக்கா. கொழுந்து பறிக்கிறவர். கணவர் இறந்துவிட்டார், மகள் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறாள். அக்காவுக்கு இழுப்பு உண்டு. பனி இறங்கினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் பழைய லொறியின் புகைக்குப் பயந்து துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பார். "தம்பி, ஒங்க புது லொறி வந்த பொறகுதான் நிறுவையில நான் மூச்சு விட்டுட்டு நிக்கிறேன்" என்று என் கணவரிடம் சொன்னார்.

ஆனால் அந்த லொறிக்கும் சாப்பாடு வேண்டுமே. கடைசிக் கொழுந்தை இறக்கிவிட்டு, ஸ்டோர் சுவரோரம் நிறுத்தி அதற்குக் கரண்டு போடுவார்கள். கொழுந்தை வாட்டும் பெரிய காற்றாடிகள் ஸ்டோருக்குள் ஓடுவதும் அந்த நேரம்தான். லயங்களில் நாங்கள் விளக்கைப் போட்டு, ரைஸ் குக்கரை வைத்து, டீவியைப் பார்ப்பதும் அந்த நேரம்தான். ஸ்டோருக்கும் லயங்களுக்கும் ஒரே டிரான்ஸ்போமர். எங்கள் லயம் கம்பியின் கடைசியில் இருக்கிறது. பல்புகள் மஞ்சள் கரைத்த தண்ணீர் போல மங்கின. சோறு பாதி வெந்து நின்றது. டீவி தானாக அணைந்தது.

முதலில் எல்லோரும் மின்சாரக் கந்தோரை, அந்த அலுவலகத்தில் இருப்பவர்களைத் திட்டினார்கள். பிறகு, லொறி ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிச்சம் நன்றாக இருப்பதை யாரோ கவனித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தண்ணீர்ப் பீலியடிக்கு நான் போனால் பேச்சு நின்றுபோகும். குடத்தை நிரப்பிக்கொண்டு திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும்: "லொறிக்கு வயிறு நெறையுது, நம்ம ஊட்டுல அடுப்பு எரியல." தோட்டப் பாடசாலையில் அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் நான் படிப்பிக்கிறேன். அது இன்னும் வலித்தது. அக்கா மட்டும் எப்போதும்போலப் பேசினார். "தம்பி என்ன செய்யும்? சொன்ன வேலைய செய்யுது."

என் கணவர் சும்மா இருக்கவில்லை. ஸ்டோருக்குப் பொறுப்பான ஸ்டோர் ஐயாவிடம் போய்ச் சொன்னார். அவரும் மின்சாரக் கந்தோருக்கு எழுதியிருந்தார். பதில் வரவில்லை. விடிவதற்குள் லொறிக்குக் கரண்டு நிறைந்திருக்க வேண்டும், அதற்கு இரவு முழுக்க மாட்டியிருக்க வேண்டும், அவரால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

மழையும் பனியுமாக இருந்த ஒரு மாலை. நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். அக்காவின் பக்கத்துச் சுவர் 'தொம் தொம்' என்று அதிர்ந்தது. நானும் என் கணவரும் ஓடினோம். கட்டில் ஓரத்தில் கைகளை முழங்காலில் ஊன்றி அக்கா உட்கார்ந்திருந்தார். தோள்கள் மேலே ஏறி ஏறி இறங்கின. மகள் வாங்கிக் கொடுத்திருந்த மருந்துப்புகை மெஷின் பக்கத்தில் இருந்தது. மருந்து ஊற்றி, மாஸ்க்கையும் மாட்டியிருந்தார். ஆனால் மெஷின் ஈனமாக முனகியதே தவிர, புகை வரவில்லை. அக்காவால் பேச முடியவில்லை. விரலைத் தூக்கி மேலே மங்கிக் கிடந்த பல்பைக் காட்டினார்.

என் கணவர் பல்பைப் பார்த்தார். அடுத்த நிமிடம் வாசலில் இல்லை. செருப்புகூடப் போடாமல் மழையில் ஓடினார்.

நான் அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். "கொஞ்சம் பொறுங்கக்கா, கொஞ்சம் பொறுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். திடீரென்று பல்பு வெள்ளையாக எரிந்தது. மெஷின் உறுமிக்கொண்டு பிடித்தது. மாஸ்க்கிலிருந்து வெண்புகை கிளம்பியது. டீவி வந்துவிட்டதென்று மற்றக் காம்பராக்களில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அக்காவின் தோள்கள் மெல்ல மெல்ல இறங்கின. எனக்கு அழுகை வந்தது.

என் கணவர் சொட்டச் சொட்ட நனைந்து வந்தார். "லொறி ஒயர கழட்டிட்டேன்" என்றார். திரும்பப் போய் மாட்ட அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலைச் சுற்றை லொறி எப்படியோ சமாளித்தது. மதியம், பாரத்தோடு ஏற்றத்தில் நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து டிரக்டர் வருவதற்குள் மூட்டைகளில் கொழுந்து சூடேறிச் சிவந்து கெட்டுப்போனது. தோட்டக் கந்தோரில் அவரைக் கூப்பிட்டார்கள்.

பாடசாலை விட்டதும் நான் கந்தோருக்கு ஓடினேன். எனக்கு முன்னே அக்கா தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அங்கே நின்றார். அவருக்குப் பின்னால், பீலியடியில் என்னோடு பேசாத பெண்கள் எல்லோரும் அக்கா சொன்னதைக் கேட்டுக் கொழுந்துக் கூடையோடு வந்து நின்றார்கள்.

தோட்டத்து மேனேஜர் தொரை வெளியே வந்தார். அக்காதான் பேசினார்.

"இந்தத் தம்பி கழட்டலன்னா இன்னிக்கு நான் இங்க நின்னுக்கிட்டிருக்க மாட்டேங்க. லொறி வேணாம்னு சொல்ல வரலிங்க. அந்தப் பழைய பொகை எங்களுக்கு வேணவே வேணாம். நாங்க சமைக்கிற நேரத்துல மட்டும் அதுக்குக் கரண்டு போடாம இருந்தாப் போதும்."

தொரை என் கணவர் பக்கம் திரும்பினார். "இத முன்னமே ஏன் சொல்லல?"

அவர் வாயைத் திறப்பதற்குள் ஸ்டோர் ஐயா முன்னால் வந்தார். "அவர் சொன்னாருங்க. நான்தான் கடதாசி போட்டுட்டுக் காத்துக்கிட்டிருந்தேன்."

தொரை உள்ளே போய் மின்சாரக் கந்தோருக்குத் தானே போன் எடுத்தார். அந்த வாரமே ஓர் அதிகாரி வந்து, அக்காவின் பிளக்கிலேயே மீட்டரைச் செருகிப் பார்த்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை என் கணவர் எங்களுக்குச் சொன்னார். மாலையில் நாடே விளக்குப் போட்டுச் சமைக்கிறது, அப்போது கரண்டுக்கு நெருக்கடி. நடுப்பகலில் ஊரெல்லாம் கூரைகளில் இருக்கும் சோலர் தகடுகளால் கரண்டு மிச்சமாகிறது. லொறியை அப்போது மாட்டுங்கள் என்றார். தனி டிரான்ஸ்போமருக்கும் எழுதிக்கொண்டு போனார்.

அது இன்னும் வரவில்லை. ஆனால் நடுப்பகலில், இரண்டு நிறுவைக்கு இடையில் லொறி ஸ்டோரில் நின்று கரண்டு ஏற்றிக்கொள்கிறது. மீதியை லயம் தூங்கிய பிறகு தானாக ஏற்றிக்கொள்ளும்படி மெஷினில் நேரம் வைத்துவிட்டார்கள். அந்த நேரம் லொறியோடு நிற்பதால் என் கணவருக்கு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வர முடியவில்லை, நான் காலையிலேயே கட்டிக் கொடுக்கிறேன். அக்காவுக்கு இழுப்பு போகவில்லை. மெஷின் மட்டும் போட்டவுடன் ஓடுகிறது.

போன மாதம் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து சிலர் லொறியைப் பார்க்க வந்தார்கள். அவர்களும் வாங்கப்போகிறார்களாம். பாரம் எவ்வளவு ஏற்றலாம், ஏற்றத்தில் இழுக்குமா என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு என் கணவர், "லொறிய எடுக்க முந்தி, ஒங்க தோட்டத்துல கடைசி லயத்துக்குப் போய், பொழுது சாயுற நேரம் லைட்டு எப்படி எரியுதுன்னு பாருங்க" என்றார்.

பிறகு அவர்களை அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.