ஈரலில் ஒரு தண்ணிப்பை

யார் வந்து எவ்வளவு கறி கேட்டாலும், "அரைக்கிலோவா?" என்று ஒரு தடவை திருப்பிக் கேட்பார். அதனால் கறிக்கடைக்காரருக்குத் தெருவில் அரைக்கிலோ என்றே பெயர். வாய் ஓயாத மனிதர். அந்த வாயை ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்தது அவருடைய மனைவியின் வயிறு.

வலது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று அவள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாயுத்தொல்லை என்று சொல்லியே காலத்தை ஓட்டினார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கட்டி என்றார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே மச்சினி மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள். புற்றுநோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அத்தனை பேரும் அதைத்தான் நினைத்தார்கள்.

மனைவி வெளியே நாற்காலியில் இருந்தாள். உள்ளே இளம் டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். "நாளைக்கு ஊசியால குத்திக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துடலாம்."

அரைக்கிலோ படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். வட்டமாக ஒரு பை. அதற்குள் சின்னச் சின்னதாக வேறு பைகள். முப்பது வருஷமாக ஈரல் அறுத்த கை குறுகுறுத்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க டாக்டர். இது தண்ணிப்பை. ஆட்டு ஈரல்ல எத்தனையோ பார்த்திருக்கேன். கத்தி முனை பட்டாலே பீச்சி அடிக்கும். ஊசி கீசி குத்திடாதீங்க!"

டாக்டர் முகம் சுளித்தார். பிறகு படத்தை மறுபடி பார்த்தார், ரொம்ப நேரம்.

"வீட்ல நாய் இருக்கா?"

"இருக்கே. இவ மடியிலதான் தூங்கும்."

"தண்ணிப்பை இருக்கிற ஈரலை என்ன செய்வீங்க?"

"அறுத்து நாய்க்குத்தான்..." சொல்லும்போதே கதவுக்கு வெளியே இருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

ரத்தப் பரிசோதனையும் தண்ணிப்பை என்றே சொன்னது. ஈரலைத் தின்ற நாயின் குடலில் புழு. அதன் முட்டை நாயின் ரோமத்தில் ஒட்டி, கைக்கு வந்து, வாய்க்குப் போய், ஈரலில் பையாக வளர்ந்திருக்கிறது. ஊசி பட்டுக் கசிந்திருந்தால் அங்கேயே மூச்சு நின்றிருக்கலாம். ஆனால் புற்றுநோய் இல்லை! அரைக்கிலோ நடைபாதைச் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பாடா என்று ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து முதல்முறையாக மூச்சு விட்டார்.

கெட்ட ஈரலைப் போட, கடைக்கு மூடி போட்ட பெரிய தொட்டி வந்தது. நாய்க்குப் புழு மாத்திரை கொடுத்தார். எல்லாம் தன் கையால் வந்த வினை என்று மனைவியிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

மனைவிக்கும் சில வாரம் மாத்திரை கொடுத்த பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. சுற்றிலும் உப்புநீரில் நனைத்த துணியை அடைத்து, பை உடையாமல் முழுசாக எடுத்தார்கள்.

"எடை எவ்வளவு டாக்டர்?" பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"அரைக்கிலோ இருக்கும்."

மறுநாள் கட்டிலருகே நின்று அந்த எடையைச் சொன்னார். மனைவி கண்ணைத் திறந்தாள்.

"டாக்டர் எனக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டாருங்க. இதையாவது நாய்க்குப் போட்டுடாதீங்க."

சிரித்தால் தையல் வலிக்கும் என்று தெரிந்தும் அவள்தான் முதலில் சிரித்தாள்.